முழு பவர் இல்லாமல் மேலேறுவது எப்படி? ஜோகன்னஸ்பர்க் சிமுலேட்டர் நிலையம் பற்றி

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன், அதிலும் பெரும்பகுதி சொல்லிக்கொடுத்தவருக்கு. ஜோகன்னஸ்பர்க்கின் கிழக்கே, ஓ.ஆர். டாம்போ விமான நிலையம் போகிற வழியில், ஒரு கிடங்குத் தெருவில் இருக்கிறது இந்த போயிங் 737-800 சிமுலேட்டர் (தரையிலேயே விமானம் ஓட்டிப் பார்க்கிற போலி பைலட் அறை) நிலையம். குறைகளையும் எழுதப்போவதால் பெயர் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பிறந்தநாள் பரிசாக யாரோ வாங்கிக்கொடுத்த கூப்பனோடு வந்து, கேப் டவுன் மேசை மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் இங்கே அதிகம். நீங்களும் அதற்குத்தான் போகிறீர்கள் என்றால் மேலே படிக்கத் தேவையில்லை, தாராளமாகப் போங்கள், நன்றாகவே இருக்கும். நான் எழுதுவது இன்னொரு ரகத்து ஆட்களுக்கு. விமானம் கிளம்பும்போது இன்ஜினை முழு பவரில் ஓட்டுவதில்லை என்று எங்கேயோ கேள்விப்பட்டு, அது எப்படி, உயிரோடு விளையாடுகிற வேலையில்லையா என்று மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறீர்களே, உங்களுக்கு.

எனக்கு அந்தக் குடைச்சலை ஏற்றிவிட்டவன் அக்கா மகன். டர்பனில் படிக்கிறான், டிசம்பர் விடுமுறைக்கு இங்கே வந்திருந்தான், பைலட் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவன். வந்த அன்று ராத்திரி சாப்பிடும்போதே ஆரம்பித்துவிட்டான். "மாமா, டர்பன்ல ஏறுறப்ப சட்டுன்னு மேல போயிடுது. இங்கேயிருந்து போறப்ப மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு, ஓடிக்கிட்டே இருக்கு. ஏன்?" பையன் கவனித்தது சரிதான். டர்பனின் கிங் ஷாகா விமான நிலையம் கடலை ஒட்டியது, உயரம் ஏறக்குறைய 90 மீட்டர். டாம்போ 1,694 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானலைவிட நானூறு மீட்டர் வாக்கில் தாழ்வு. அங்கே காற்று மெலிசு, இறக்கைக்கும் பிடிப்பு குறைவு, இன்ஜினுக்கும் தீனி குறைவு. அதனால்தான் அங்கே 4.4 கிலோமீட்டருக்கு ஒரு ரன்வே போட்டு வைத்திருக்கிறார்கள். இது பாதிப் பதில்தான், மீதிப் பாதி பவர் குறைக்கிற விஷயம், அதைச் சொல்லிப் புரியவைக்க எனக்கு வாய் போதவில்லை, அதனால் ஒரு மணி நேரம் பதிவு செய்தேன். இரண்டாயிரம் ரேண்டுக்குச் சற்றுக் குறைவு. அக்காவிடம் தொகையைச் சொல்லவில்லை.

பதிவு செய்யும்போதே எழுதிவிட்டேன்: மேசை மலை வேண்டாம், சுற்றுலா வேண்டாம், ஜோபர்க்கிலேயே திரும்பத் திரும்ப டேக்-ஆஃப் மட்டும், குறைத்த பவரிலும் முழு பவரிலும். வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு அது புரியவே இல்லை. ஆனால் சொல்லித்தர வந்தவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஓய்வுபெற்ற பைலட், டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், பெயரைக் கேட்டாலே நம்ம ஆள் என்று தெரிந்துவிடும். தமிழ் பேச வராது, வீட்டில் பாட்டியோடு போய்விட்டது என்றார், ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதை மட்டும் விட்டதில்லையாம். அவர் பேசியது முழுக்க ஆங்கிலத்தில். பையனுக்கு அது பிரச்சினை இல்லை, எனக்குத்தான் நடுநடுவே நிறுத்திக் கேட்கவேண்டியிருந்தது, அவரும் சலிக்காமல் சொன்னார்.

உள்ளே அசல் 737-இன் முன்பகுதியை அப்படியே வைத்திருக்கிறார்கள். பொத்தான்கள் தேய்ந்துபோய், சிலவற்றின் எழுத்து அழிந்து, பழைய விமானத்திலிருந்து கழற்றியது என்று பார்த்தாலே தெரிகிறது, அது எனக்குப் பிடித்தது. இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே இருக்கும் சின்னக் கணினித் திரையில் "என்1 லிமிட்" என்றொரு பக்கம் (என்1 என்றால் இன்ஜினின் முன் விசிறி சுற்றுகிற வேகம், அதை வைத்துத்தான் பவரைச் சொல்வார்கள்). அதில் இடப்பக்கம் முதல் வரியில் இரண்டு இடம்: வெளியே உண்மையில் எத்தனை டிகிரி, நாம் எத்தனை டிகிரி என்று சொல்லப்போகிறோம். மொத்த விஷயமும் அந்த ஒற்றை வரியில்தான் இருக்கிறது.

ஜெட் இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலை வரை ஒரே அளவு பவர் தரும். அதற்கு மேல் வெளிக்காற்று சூடானால், உள்ளே டர்பைன் தாங்குகிற சூட்டைத் தாண்டிவிடக் கூடாதே என்று கணினி பவரைக் குறைத்துவிடும். இந்தக் குணத்தைப் பிடித்துக்கொண்டுதான் வேலை நடக்கிறது. அன்றைக்குச் சிமுலேட்டரில் வெளியே 18 டிகிரி. கணினியிடம் "46 டிகிரி" என்று சொன்னோம். உடனே அது, இவ்வளவு சூட்டில் இவ்வளவுதான் தரமுடியும் என்று தானாகப் பவரைக் குறைத்துக்கொண்டது. மேல் திரையில் "ஆர்-டிஓ", அதாவது குறைத்த டேக்-ஆஃப் பவர், என்று பச்சை எழுத்து, பக்கத்தில் 46. போயிங்காரர்கள் இதை "அசூம்டு டெம்பரேச்சர்" என்பார்கள், ஏர்பஸ் ஆட்கள் "ஃபிளெக்ஸ்" என்பார்கள்.

ஏன் இந்த வேலை? பணம்தான், முதல் காரணம் அதுதான், அவரும் மழுப்பாமல் சொன்னார். ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்தே வண்டி ஓட்டுகிறவனின் இன்ஜின் எத்தனை நாள் தாங்கும்? டர்பைன் பிளேடுகளுக்கு அதிகபட்ச அடி விழுவது மேலேறும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில்தான். அங்கே சூட்டைக் கொஞ்சம் குறைத்தால் இன்ஜின் இறக்கையை விட்டுக் கழற்றப்படாமல் இன்னும் நிறைய நாள் ஓடும். எரிபொருள் மிச்சம் என்று நினைக்காதீர்கள், மெதுவாக ஏறுவதால் சில நேரம் கொஞ்சம் கூடுதலாகவே செலவாகும்.

"கால்வாசிக்கு மேல குறைக்கக் கூடாது, தம்பி" என்று பையனுக்கு நான் மொழிபெயர்த்தேன், அவன் அதற்குள் குறிப்பு எழுதிவிட்டான். அமெரிக்காவின் விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ 1988-இல் வெளியிட்ட வழிகாட்டி ஆவணத்தில் அந்த 25 சதவீத வரம்பு இருக்கிறது. ரன்வேயில் தண்ணீர் தேங்கியிருந்தாலோ சேறுபோல் பனி கிடந்தாலோ இந்த முறை கூடாது, சக்கரம் வழுக்காமல் பிரேக் பிடிக்கிற ஏற்பாடு வேலைசெய்யாவிட்டால் கூடாது, காற்று திடீரென்று திசைமாறி அடிக்கும் என்று சந்தேகம் வந்தால் முழு பவர்தான். இங்கே இருப்பவர்களுக்குக் கோடையில் பிற்பகல் இடிமழை எப்படிக் கொட்டும் என்று தெரியும். மேகம் திரண்டுவிட்டால் இந்தச் சிக்கனக் கணக்கையெல்லாம் மூட்டை கட்டிவிடுவோம் என்றார்.

சரி, டேக்-ஆஃப். இடப்பக்க இருக்கையில் பையன், நான் பின்னால். பவர் லீவர் தானாக முன்னே நகர்ந்து, கோடு போட்ட இடத்தில் நின்றது. திரையில் ரன்வே விளக்குகள் நகரத் தொடங்கின. ஓடியது, ஓடியது. வேகமானியில் 140 நாட் காட்டியபோது வழித்திரையின் மூலையில் தரைவேகம் 156 என்று இருந்தது, அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர். வேகமானி காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் காட்டும், காற்று மெலிசானால் அதே எண்ணுக்கு இன்னும் வேகமாக ஓடவேண்டும். டர்பனில் இதே 140-க்குத் தரைவேகம் 144 வாக்கில்தான் இருக்கும். இந்த 12 நாட் வித்தியாசத்துக்குத்தான் பையன் சொன்ன அந்த "ஓடிக்கிட்டே இருக்கு". மூக்கைத் தூக்கியபோது பாதி ரன்வே போயிருந்தது. அப்புறம் அதே எடையில் முழு பவர். கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம், வெகு முன்னாலேயே எழும்பிவிட்டது.

அடுத்து நடந்ததுதான் இந்த நிலையத்துக்கு நான் கொடுக்கிற மதிப்பெண்ணில் பாதி. மறுபடி குறைத்த பவரில் ஓடி, வி1 வேகம் தாண்டியதும் (அதற்கப்புறம் நிறுத்த முடியாது, மேலே போயே ஆகவேண்டும்) வலப்பக்க இன்ஜினை அவர் அணைத்துவிட்டார். விமானம் வலப்பக்கம் இழுத்தது, பையன் இடது பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டான், ஒற்றை இன்ஜினில், அதுவும் குறைத்த பவரிலேயே, நத்தை வேகத்தில் என்றாலும் ஏறியது. லீவரைத் தொடவே இல்லை. முழு பவர் கையெட்டும் தூரத்தில் இருந்தது, வேண்டுமென்றால் தள்ளிக்கொள்ளலாம், ஆனால் தள்ளாமலே ஏறும்படிதான் கணக்கே போடப்படுகிறது. அந்த 46 சும்மா குத்துமதிப்பாகப் போட்ட எண் இல்லை. இந்த எடைக்கு, இந்த ரன்வேக்கு, இந்தக் காற்றுக்கு, ஒரு இன்ஜின் போனாலும் ஏறமுடியுமா, வி1-க்கு முன் நிறுத்தவேண்டி வந்தால் ரன்வேக்குள் நிற்குமா என்று இரண்டையும் பார்த்து, தாங்கக்கூடிய வரைக்கும் குறைத்த எண்.

அதற்குள்ளேயே இன்னொரு மிச்சமும் ஒளிந்திருக்கிறது, அதைத் தாளில் போட்டுக் காட்டினார். கணக்கு 46 டிகிரி காற்றுக்குப் போடப்பட்டது, உண்மையில் காற்று 18. குளிர்ந்த காற்று அடர்த்தி அதிகம், அதனால் வேகமானி அதே 140 காட்டும்போது தரையில் உண்மையான வேகம் கணக்கில் இருந்ததைவிட ஏறக்குறைய 5 சதவீதம் குறைவு. ஓடுகிற தூரம் வேகத்தின் இருமடிப்படி போவதால், அங்கே 9, 10 சதவீதம் மிச்சம். பவரை எந்த இயற்பியலை வைத்துக் குறைத்தார்களோ அதுவே கொஞ்சத்தைத் திருப்பியும் தருகிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது.

இதே நோக்கத்துக்கு இன்னொரு முறையும் உண்டு, இன்ஜினையே சின்ன இன்ஜின் என்று கணினியிடம் அறிவித்துவிடுவது, அதை "டீரேட்" என்பார்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஆபத்து வேறு. அதில் ஒரு இன்ஜின் போனதும் பதற்றத்தில் மற்றதை முழு பவருக்குத் தள்ளினால், ஒருபக்க இழுவை சுக்கான் தாங்குகிற அளவைத் தாண்டிவிடலாம், ஏனென்றால் தரையில் கட்டுப்படுத்தக்கூடிய குறைந்தபட்ச வேகத்தைச் சின்ன இன்ஜினுக்குத்தான் கணக்கிட்டிருப்பார்கள். அதாவது ஒரு முறையில் முழு பவர் எப்போதும் நம் கையில், மற்றதில் அதுவே வினை. இதையும் ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்டோம், நேரம் இல்லை என்றுவிட்டார்.

இனி குறைகள். இங்கே ஓட்டுகிற எல்லாருக்கும் எடை, எரிபொருள், 46, வேகங்கள் எல்லாம் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறார்கள். வந்தவர் லீவரைத் தள்ளினால் போதும். நேரம் மிச்சமாகும், வாடிக்கையாளர் மகிழ்வார், சரி. ஆனால் பவர் குறைப்பதில் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்றால் அந்த எண்களைப் போடுகிற இடத்தில்தான். அதையே மறைத்துவிட்டு "முழு பவரைவிட இதுதான் பாதுகாப்பு" என்று விளக்க அட்டையில் அச்சடித்து மாட்டியிருப்பது எனக்கு ஒப்பவில்லை. இன்ஜின் பழுதாகும் வாய்ப்பு குறைகிறது என்ற அளவில் அது உண்மை. ஆனால் முழு பவரில் போனால் கூடுதலாகக் கிடைத்திருக்கும் ரன்வே மிச்சத்தைத்தானே இங்கே செலவழிக்கிறோம்? எண் சரியாக இருக்கும்வரை அந்தச் செலவு கட்டுப்படியாகும். எண் தப்பினால்?

தப்பியிருக்கிறது. 2009 மார்ச் 20, மெல்போர்ன், துபாய் போகவேண்டிய எமிரேட்ஸின் ஏர்பஸ் ஏ340-500. எடை 362.9 டன், கணினியில் போட்டது 262.9. ஒரே ஒரு இலக்கம். அந்தக் குறைந்த எடைக்கு எவ்வளவு பவர் போதுமோ அவ்வளவுதான் இன்ஜின் தந்தது, வேகங்களும் அதற்கேற்பக் குறைவு. மூக்கைத் தூக்கியும் எழும்பவில்லை, வால் தரையில் தேய்ந்தது, கேப்டன் முழு பவருக்குத் தள்ளி, ரன்வே முடிந்த பிறகுதான் எழும்பினார்கள், போகிற போக்கில் விளக்கையும் ஆன்டெனாவையும் இடித்துக்கொண்டு. உள்ளே 275 பேர், யாருக்கும் காயமில்லை. 2004 அக்டோபர் 14-இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் எம்கே ஏர்லைன்ஸின் சரக்கு 747-க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முந்தைய பயணத்தின் எடையை வைத்தே கணக்குப் போட்டுவிட்டார்கள், ஏழு பேரும் இறந்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன், நம்ம ஊரிலேயே இருக்கிறது. 2021 பிப்ரவரி 24, கோவிட் தடுப்பூசி எடுத்துவர சவுத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸின் ஏ340-600 டாம்போவிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்குக் கிளம்பியது. எடைக் கணக்கில் சுமார் 90 டன் குறைந்துபோயிருந்தது. எழும்பும்போது விமானத்தின் சொந்தப் பாதுகாப்பு ஏற்பாடு குறுக்கிட்டுப் பவரை ஏற்றி, மூக்கு மேலும் தூக்காமல் தடுத்துக் காப்பாற்றியது. சொல்லிக்கொடுத்தவர் இதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார், தெரிந்தவர்கள் இருப்பார்கள்போல, நானும் கிளறவில்லை.

எங்கள் வற்புறுத்தலில் ஒன்றை மட்டும் செய்து காட்டினார். 2017 ஜூலை 21-இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் சன்விங் விமானக் கம்பெனியின் 737-800-க்கு நடந்தது. அதே "என்1 லிமிட்" பக்கம், அதே முதல் வரி. வெளி வெப்பநிலை 16 டிகிரி, ஆனால் அங்கே விழுந்த எண் மைனஸ் 52, மேலே பறக்கும் உயரத்துக்கான வெப்பநிலை. அவ்வளவு குளிர்ந்த அடர்ந்த காற்றில் விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதும் என்று கணினி என்1-ஐ 81.5 சதவீதத்துக்கு இறக்கிவிட்டது. அந்த விமானம் ரன்வே முடிந்து 29 மீட்டர் தள்ளியிருந்த விளக்கைச் சக்கரத்தால் உடைத்துக்கொண்டு மேலேறியது. பின்னால் வந்த மென்பொருளில், போட்ட எண்ணை வெளியே இருக்கும் உணர்கருவியோடு ஒப்பிட்டுப் பார்க்கிற வசதி இருக்கிறது, அந்த விமானத்தில் அது இல்லை. எங்கள் சிமுலேட்டரும் மைனஸ் 52-ஐ மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

பையன் லீவரைத் தள்ளினான். முதல் பதினைந்து, இருபது நொடி எங்கள் இருவருக்கும் எதுவுமே தெரியவில்லை, அதுதான் பயங்கரம். விளக்கு நகர்கிறது, வேகம் ஏறுகிறது, எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ரன்வேயின் கடைசிச் சிவப்பு விளக்குகள் கிட்டே வரும்போதுதான் "மாமா, இது ஏறாது" என்றான். அதற்குள் நிறுத்துகிற வேளை எப்போதோ கடந்துபோயிருந்தது. வேகம் எவ்வளவு சீக்கிரம் கூடுகிறது என்பதை அளக்க மனிதனுக்கு நல்ல புலன் கிடையாது. குறைத்த பவர் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அளவாக இருப்பதால், "வழக்கமா இப்படித்தானே இருக்கும்" என்கிற பழக்கமும் பைலட்டுக்கு உருவாவதில்லை. ஓட்டம் போதவில்லை என்று எச்சரிக்கிற கருவி பெரும்பாலான விமானங்களில் இல்லை. 2024 மார்ச்சில் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஒரு 737-800, தானியங்கி பவர் ஏற்பாடு விடுபட்டதால் என்1 92.8 இருக்கவேண்டிய இடத்தில் 84.5-இல் ஓடி, ரன்வே முனையை ஏறக்குறைய பத்தடி உயரத்தில் கடந்தது. அதில் எடையும் தப்பில்லை, வெப்பநிலையும் தப்பில்லை, திரையில் இருந்த எண்ணைச் சரியான நேரத்தில் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் இன்னொரு குறையையும் சொல்லவேண்டும். இந்தச் சிமுலேட்டர் அசையாது, தரையோடு நிலையாகப் பொருத்தியது. முதுகை இருக்கையோடு அழுத்துகிற உணர்வு துளியும் இல்லை. முழு பவருக்கும் குறைத்த பவருக்கும் உடம்பில் என்ன வித்தியாசம் என்று தெரிந்துகொள்ளப் போனால் ஏமாந்துதான் வரவேண்டும், கண்ணால் மட்டும்தான் பார்க்கலாம். கட்டண அட்டையில் இதை எங்கேயும் எழுதவில்லை. "அசல் அனுபவம்" என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்.

மற்றபடி சின்னச் சின்னது. ஒரு மணி நேரம் என்றால் அதில் படம் எடுப்பதும், விளக்கப் படமும் சேர்த்தி, கையில் கிடைப்பது முக்கால் மணிக்கும் குறைவு. படங்களுக்குத் தனிக் காசு. பின்னிருக்கை மடக்கு நாற்காலி, முதுகு ஒடிந்துவிடும். ஏசி நன்றாக ஓடுகிறது, கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டு என்று சொன்னார்கள். காபி குடிக்காதீர்கள். கழிப்பறை சுத்தம். வண்டி நிறுத்த உள்ளேயே இடம் இருக்கிறது, தெருவில் விடவேண்டாம்.

போகிறவர்களுக்கு: முன்பதிவு மின்னஞ்சலிலேயே, எண்களை நாங்களேதான் போடுவோம், எடைச்சீட்டை மட்டும் கொடுங்கள் என்று எழுதிவிடுங்கள். கேட்டால் சம்மதிக்கிறார்கள், கேட்காவிட்டால் தரமாட்டார்கள். ஒருவர் போட்டதை மற்றவர் தனியாகக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள், பல விமானக் கம்பெனிகளில் அப்படித்தான் செய்யவேண்டும் என்று விதி, மெல்போர்னில் சறுக்கியதும் சரிபார்க்கிற இடத்தில்தான். டீரேட் முறையைக் காட்டவேண்டும் என்றால் ஒன்றரை மணி நேரமாக எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லித்தருபவர்களில் இளைஞர்களும் இருக்கிறார்கள், நல்ல பிள்ளைகள்தான், ஆனால் இந்த விஷயத்துக்கு விமானக் கம்பெனியில் ஓட்டி ஓய்வுபெற்றவர் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். சனிக்கிழமை வேண்டாம், பிறந்தநாள் கூட்டம் கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கும்.